என்ன தடவலாம், டாக்டர்?

குழந்தை நலம்: வாசகர் கேள்வியும் குழந்தை மருத்துவர் பதிலும்

குழந்தைகளின் தோலைப் பற்றி எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். மேஜை நிறையக் கடிதங்கள். அநேகமாக எல்லாமே ஒரே வரியில் முடிகின்றன: "என்ன தடவலாம், டாக்டர்?" தடவுவதற்கு முன்னால் பாருங்கள் என்றுதான் இந்த மாதம் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். படிப்பு முடித்த புதிதில், நான்கு நாளாகக் காய்ச்சலோடு கிடந்த ஒரு ஐந்து வயதுப் பையனைப் பார்த்தேன். மேலெல்லாம் லேசான சிவப்புத் திட்டு. சட்டையைத் தூக்கி நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தேன், இறக்கிவிட்டேன். மறுநாள் உடம்பு துடைத்துவிட்ட நர்ஸ் அக்கா வந்து, "டாக்டரம்மா, புள்ள அக்குள்ல ஒண்ணு இருக்கு, வந்து பாருங்க" என்றார். சிகரெட்டால் சுட்ட மாதிரி, வட்டமாக, கறுப்புப் பொருக்கு. வலியில்லை, அரிப்பில்லை, அதனால் பையனும் சொல்லவில்லை. புதரிலும் வரப்பிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு உண்ணிக்குஞ்சு கடித்து வருகிற ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் அது. சரியான மருந்து உள்ளே போனதும் ஒன்றரை நாளில் பையன் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான். அன்றிலிருந்து, காய்ச்சலோடு வரும் எந்தக் குழந்தையையும் நான் உடுப்பைக் கழற்றி, அக்குள், தொடை இடுக்கு, காது மடலின் பின்புறம் வரை பார்க்காமல் அனுப்புவதில்லை. ஐப்பசி தொடங்கி மாசி வரை நம் பக்கத்தில் இந்தக் காய்ச்சல் அதிகம். நீங்களும் பாருங்கள்.

இனி கடிதங்கள்.

கேள்வி: என் ஏழு வயது மகள் ராத்திரி நன்றாகத்தான் படுத்தாள். அடுத்த நாள் சாயங்காலம் கழுத்தில் சாட்டையால் அடித்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு. அதற்கு மறுநாள் அதில் கொப்புளம், சீழ், எரிச்சல். மாமியார் அக்கி என்கிறார், எழுதச் சொல்கிறார். பக்கத்து வீட்டில் பல்லி ஓடிவிட்டது என்கிறார்கள். என்ன தடவலாம்?
– ஒரு தாய், மன்னார்குடி

பதில்: உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் நெல் வயல் இருக்கிறதா? ராத்திரியில் குழல்விளக்கு எரிகிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால், பல்லியை விட்டுவிடலாம்.

எறும்பைவிடக் கொஞ்சம் நீளமாக, ஒரு சென்டிமீட்டருக்குள், கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறிப் பட்டை போட்ட ஒரு வண்டு உண்டு. மேல் இறக்கை சின்னது, வால் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும். வேளாண்மைத் துறைக்காரர்களைக் கேட்டால் இதை நல்ல பூச்சி என்பார்கள். நெல்லைத் தாக்கும் புகையானைத் தின்பது. மழை பெய்து ஓய்ந்த நாட்களில் வெளிச்சத்தைத் தேடி வீட்டுக்குள் வரும். இது கடிக்காது, கொட்டாது. குழந்தை தூக்கத்தில் கழுத்தில் ஏதோ ஊர்கிறதே என்று கையால் தேய்க்கும்போது நசுங்கி, அதன் உடலில் இருக்கும் பேடெரின் என்ற நஞ்சு தோலில் இழுபடும். கை இழுத்த வழியெல்லாம் கோடு. உடனே ஒன்றும் தெரியாது. அரை நாளிலிருந்து இரண்டு நாளுக்குள்தான் எரிச்சலும் கொப்புளமும் வரும். ராத்திரி ஒன்றுமில்லாமல் படுத்த பிள்ளைக்கு மறுநாள் கோடு எப்படி வந்தது என்ற திகைப்பு அதனால்தான். முழங்கை மடிப்பில் பட்டால், கையை மடக்கும்போது எதிர்ப்பக்கத்திலும் ஒட்டிக்கொண்டு ஒரே அச்சில் இரண்டு புண் வரும். அதைப் பார்த்ததும் நான் நிச்சயப்படுத்திக்கொள்வேன்.

அக்கி வேறு. அது சின்னம்மை கிருமி உடம்பில் தங்கியிருந்து, பின்னொரு நாள் ஒரு நரம்பின் வழியாக வெளியே வருவது. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும், கொத்துக்கொத்தாகக் கொப்புளங்கள் வரும். குழந்தைகளுக்குக் குறைவு. உங்கள் மாமியாரிடம் கோபப்படாதீர்கள். காவியைக் குழைத்து எழுதும்போது அந்த ஈரம் எரிச்சலைத் தணிக்கும் என்பது உண்மை. ஆனால் உடைந்த கொப்புளத்தின்மேல் மண் படுவதை நான் அனுமதிக்க மாட்டேன். கிருமி ஏறும்.

சோப்பும் தண்ணீரும் போட்டு நன்றாகக் கழுவுங்கள். பட்ட கையையும் கழுவுங்கள், அந்தக் கை கண்ணுக்குப் போனால் இமை வீங்கிவிடும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைப் போட்டுப்போட்டு எடுங்கள். பத்துப் பதினைந்து நாளில் ஆறும். கறுப்புத் தழும்பு சில மாதம் இருந்து மறையும். சீழ் பெருகினாலோ, கண்ணருகே இருந்தாலோ நேரில் காட்டுங்கள். இனி படுக்கைக்கு மேலே இருக்கும் விளக்கை அணையுங்கள், கொசுவலை கட்டுங்கள், மேலே பூச்சி ஊர்ந்தால் அடிக்காமல் ஊதித் தள்ளப் பழக்குங்கள்.

கேள்வி: மூன்று வயதுப் பேரனுக்குக் காலிலும் வயிற்றிலும் குண்டூசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள். அரிப்பு இல்லை. ரெண்டு வாரத்துக்கு முன் சளிக்காய்ச்சல் வந்து போனது. இப்போது ஓடி விளையாடுகிறான். முழங்காலில் நீலமாகக் கன்றிப்போயும் இருக்கிறது. வேர்க்குரு பவுடர் போடுகிறோம், போகவில்லை.
– ஒரு தாத்தா, விருத்தாசலம்

பதில்: ஐயா, இந்த இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால், இந்தக் கடிதத்துக்கு மட்டும் நான் தொலைபேசியில் பேசினேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

ஒரு கண்ணாடி டம்ளரை எடுங்கள். எவர்சில்வர் உதவாது, உள்ளே தெரிய வேண்டும். அதன் பக்கவாட்டைப் புள்ளியின்மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். வேர்க்குரு, பூச்சிக்கடி, பெரும்பாலான வைரஸ் தடிப்புகள் எல்லாம் அழுத்தினால் வெளுத்து, எடுத்தால் திரும்பச் சிவக்கும். ரத்தம் அங்கே குழாய்க்குள்தான் இருக்கிறது என்று அர்த்தம். அழுத்தியும் புள்ளி அப்படியே நின்றால், ரத்தம் குழாயை விட்டுத் தோலுக்குள் கசிந்திருக்கிறது. நம் குழந்தைகளின் மாநிறத்தில் இது சட்டென்று தெரியாது. உள்ளங்கால், உதட்டின் உட்புறம், கீழ் இமை ஆகிய இடங்களையும் பாருங்கள்.

உங்கள் பேரனுக்கு டம்ளரில் மறையவில்லை என்றீர்கள். ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 14,000 என்று வந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. மற்ற அணுக்கள் எல்லாம் சரியாக இருந்தன, ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி நுண்ணோக்கியில் பார்த்ததும் சரியாக இருந்தது. சளிக்காய்ச்சலோடு போரிட உருவான எதிர்ப்புச் சக்தி, கிருமி போன பிறகு தன் தட்டணுக்களையே தவறாகப் பிடித்து அழிக்கிறது. ஐ.டி.பி. என்று இதற்குப் பெயர். ஒன்று முதல் ஆறு வயதுக்குள், ஒரு சாதாரணக் காய்ச்சல் போன சில வாரங்களில் வரும். ஐந்து குழந்தைகளில் ஏறக்குறைய நான்கு பேருக்கு ஆறு மாதத்துக்குள் தானாகச் சரியாகிவிடும். புள்ளியும் கன்றலும் மட்டும் இருந்தால் பல நேரம் மருந்தே வேண்டாம், கவனித்துக்கொண்டிருந்தால் போதும்.

அந்தக் கவனம் என்ன என்பதுதான் முக்கியம். காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் கூடாது. தட்டணு வேலை செய்வதையே தடுப்பவை அவை. ஊசி போட்டால்தான் சீக்கிரம் சரியாகும் என்று யாரிடமாவது போய் இடுப்பில் போட்டுவிடாதீர்கள், உள்ளே ரத்தம் கட்டும். மரம் ஏறுவது, மூன்று சக்கர சைக்கிளில் தெருவில் இறங்குவது கொஞ்ச நாளைக்கு வேண்டாம். மூக்கில் ரத்தம் நிற்காமல் வந்தால், வாயில் ரத்தக்கொப்புளம் வந்தால், மலம் தார் மாதிரி போனால், தலையில் அடிபட்டால், தலைவலியோடு வாந்தி எடுத்தால் நேரே பெரிய மருத்துவமனை.

இதைப் படிக்கிற தாய்மார்களின் மனதில் ஓடுகிற இன்னொரு பயம் எனக்குத் தெரியும். ரத்தப் புற்றுநோயிலும் இப்படிப் புள்ளி வரும். ஆனால் அந்தக் குழந்தை இப்படி ஓடி விளையாடுவது அரிது. வெளுத்துப்போகும், சோர்ந்து படுக்கும், கால் எலும்பு வலிக்கிறது என்று ராத்திரியில் அழும், கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டும். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் மற்ற அணுக்களையும் பார்க்கச் சொல்கிறோம். தட்டணு எண்ணிக்கையை மட்டும் எழுதிக் கொடுக்கிற சீட்டோடு திருப்தி அடையாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பின்தொடையிலும் புட்டத்திலும் தடவினால் கைக்குத் தட்டுப்படுகிற மாதிரிப் புடைத்த ஊதா புள்ளிகள், கூடவே வயிற்றுவலி, கணுக்கால் வீக்கம் இருந்தால் அது ரத்தக்குழாய் அழற்சி. தோல் ஆறிவிட்ட பிறகும் ஆறு மாதம்வரை சிறுநீரைப் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும், சிறுநீரகத்தை அது மெதுவாகத் தொடும். பலர் புள்ளி போனதும் வருவதை நிறுத்திவிடுகிறார்கள்.

விடாமல் இருமினாலோ, பலமாக வாந்தி எடுத்தாலோ முகத்திலும் கழுத்திலும் மட்டும் இப்படிப் புள்ளி வருவது உண்டு. அழுத்தத்தால் வருவது அது. ஆனால் காய்ச்சலும், அழுத்தினால் மறையாத புள்ளியும், மயங்கினாற்போன்ற சோர்வும் ஒன்றாகச் சேர்ந்தால், ராத்திரி ரெண்டு மணியானாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மூளைக்காய்ச்சல் கிருமி ரத்தத்தில் பரவும்போதும், கடுமையான டெங்குவிலும் அப்படி வரும். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

கேள்வி: ஐந்து மாதப் பெண் குழந்தை. டயப்பர் போடும் இடம் மடிப்புக்குள்ளேயும் சிவந்துபோனது, ஓரத்தில் பொட்டுப் பொட்டாக இருக்கிறது. மருந்துக்கடையில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். போட்டால் ரெண்டு நாளில் போகிறது, விட்டால் முன்னைவிட அதிகமாக வருகிறது. ஆறு வாரமாகப் போடுகிறோம். ட்யூபை இத்துடன் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். வேறு என்ன தடவலாம்?
– ஒரு தந்தை, திருப்பூர்

பதில்: தம்பி, படம் அனுப்பியதற்கு நன்றி. அந்த ட்யூபில் மூன்று மருந்துகள் இருக்கின்றன. ஒன்று படைக்கு, ஒன்று சீழுக்கு, மூன்றாவது க்ளோபெட்டசால். தோலில் போடும் ஸ்டீராய்டுகளிலேயே மிகவும் வலுவான வகை அது. பெரியவர்களின் தடித்த உள்ளங்கால் தோலுக்கு நாங்கள் எண்ணி எண்ணிக் கொடுப்பதை, ஐந்து மாதக் குழந்தையின் தொடை இடுக்கில் ஆறு வாரம் போட்டிருக்கிறீர்கள். அதற்கு மேலே டயப்பரைக் கட்டியிருக்கிறீர்கள். மூடி வைத்த சட்டியில் ஆவி தங்குவதுபோல அது மருந்தை உள்ளே இறக்கும். குழந்தையின் எடையோடு பார்த்தால் தோல் பரப்பு பெரியவர்களைவிட மிக அதிகம். மருந்து ரத்தத்தில் கலந்து, முகம் உருண்டையாகி, வளர்ச்சி நின்று, உடம்பு தானே சுரக்க வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்க மறந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். கொழுகொழுவென்று ஆகிவிட்டாள் என்று வீட்டில் மகிழ்ந்துகொண்டிருந்தார்கள்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சிவப்பு போனால் நோய் போய்விட்டது என்று யாரும் நினைப்பார்கள். ஸ்டீராய்டு சிவப்பைத்தான் அடக்கும். கீழே பூஞ்சைக் காளான் நிம்மதியாக வளரும். 2018-ல் மத்திய அரசு விதியைத் திருத்தி, பல தோல் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. கடையில் இன்றும் பழம் வாங்குவதுபோல வாங்க முடிகிறது. எனக்கு இது மனதை அறுக்கிற விஷயம்.

நாளைக்கே குழந்தையை ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ட்யூபையும் எடுத்துப் போங்கள், எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று மறைக்காமல் சொல்லுங்கள். இவ்வளவு நாள் போட்ட பிறகு எப்படி நிறுத்துவது என்பதை அவர்தான் எடை பார்த்து, சோதித்துச் சொல்ல வேண்டும். குழந்தை சோர்ந்து பால் குடிக்காமல் கிடந்தால் நாளை என்றும் பார்க்க வேண்டாம், இன்றே.

டயப்பர் புண் இரண்டு விதம். மூத்திர ஈரத்தில் வெந்துபோவது, டயப்பர் உரசும் மேட்டுப் பகுதியில் வரும், மடிப்புக்குள் போகாது. மடிப்புக்குள்ளேயே ரத்தச் சிவப்பாக இருந்து, ஓரத்தில் பொட்டுப் பொட்டாகச் சிதறியிருந்தால் அது காளான். நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது. அதற்குக் காளான் மருந்து மட்டும் உள்ள களிம்பு போதும். பெயரைக் கவனமாகப் படியுங்கள்: க்ளோட்ரிமசோல் காளான் மருந்து, க்ளோபெட்டசால் ஸ்டீராய்டு. காதில் விழும்போது இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன் என்று எந்தப் பெயர் இருந்தாலும் ஸ்டீராய்டுதான். கூடவே, பகலில் டயப்பர் இல்லாமல் பழைய வேட்டித்துணியில் கிடத்துங்கள், காற்று படட்டும்.

ஸ்டீராய்டே விஷம் என்று இதைப் படித்துவிட்டு யாரும் முடிவு கட்ட வேண்டாம். கரப்பான் என்ற தோல் அரிப்பு நோய் வந்து ராத்திரி முழுக்கச் சொறிந்து அழும் குழந்தைக்கு, இருப்பதிலேயே மெல்லியதை, இத்தனை நாள் என்று எழுதி நானே கொடுக்கிறேன். அந்த நாள் கணக்குதான் முக்கியம்.

கேள்வி: மகனுக்கு வயது ஆறு. கன்னத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. வயிற்றில் பூச்சி என்று மாத்திரை கொடுத்தோம். சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று டானிக் கொடுத்தோம். வகுப்பில் ஒரு பையன் "குஷ்டம்" என்று சொல்லிவிட்டான், அழுதுகொண்டே வந்தான்.
– ஒரு தாய், தர்மபுரி

பதில்: முதலில் அந்தப் பிள்ளையை அணைத்துச் சொல்லுங்கள், இது யாருக்கும் ஒட்டாது என்று.

ஓரம் தெளிவில்லாமல், வெளிறி, தொட்டால் லேசாகச் சொரசொரவென்று இருக்கும் கன்னத் திட்டு, வறண்ட தோலில் வரும் மிக மெல்லிய கரப்பான் வகை. வெயிலில் ஆடி முகம் கறுக்கும்போது அந்த இடம் மட்டும் கறுக்காமல் நிற்பதால் கோடையில் பளிச்சென்று தெரியும். பூச்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை. சுண்ணாம்புச் சத்துக்கும் இல்லை. பூச்சி மாத்திரை பள்ளியிலேயே கொடுக்கிறார்கள், அது ரத்தசோகைக்காக நல்லது, கொடுக்கட்டும். திட்டு அதனால் போகாது. சோப்பைக் குறைத்து, குளித்த ஈரத்தோடு மணமில்லாத வாசலினையோ தேங்காயெண்ணெயையோ பூசிவாருங்கள். மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். நிறம் திரும்ப ஒரு வருடம் ஆன பிள்ளைகளும் உண்டு.

சுத்தமாகப் பால்வெள்ளையாக, ஓரம் வெட்டினாற்போல இருந்தால் அது வெண்புள்ளி. அதுவும் தொற்றாது, அதற்குக் குஷ்டம் என்ற சொல்லைச் சேர்த்துச் சொல்வதே தவறு. தொழுநோய்த் திட்டு வெளிறியோ சிவந்தோ இருக்கும், அரிக்காது. முக்கியமாக, உணர்ச்சி மழுங்கியிருக்கும். கை கால் முதுகில் அப்படி ஒரு திட்டு இருந்தால் குழந்தையைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து மெதுவாகத் தொட்டு, எங்கே தொட்டேன் என்று கேளுங்கள். முகத்தில் நரம்பு அதிகம் என்பதால் அங்கே இந்தச் சோதனை ஏமாற்றிவிடும், மருத்துவர்தான் பார்க்க வேண்டும். தொழுநோயே என்றாலும், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கூட்டு மருந்து இலவசம், ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ முழுவதும் குணமாகும், பள்ளிக்கூடத்தை நிறுத்த வேண்டியதில்லை. வகுப்பு ஆசிரியரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: பத்து மாதக் குழந்தைக்கு மூன்று நாள் 103 டிகிரி காய்ச்சல். மூன்றாம் நாள் ஆன்டிபயாடிக் சிரப் கொடுத்தார்கள். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது, மார்பிலும் முதுகிலும் ரோஸ் நிறத்தில் புள்ளிகள். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். அம்மா, அம்மை போட்டிருக்கிறது, குளிப்பாட்டாதே, மருந்தே கொடுக்காதே என்று வேப்பிலை கட்டிவிட்டார்.
– ஒரு தாய், மதுரை

பதில்: காய்ச்சல் இறங்கியதும் புள்ளி ஏறியது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வரிசையே பாதி பதில். ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் வரும் ரோசியோலா என்ற வைரஸ் காய்ச்சல் அப்படித்தான். மூன்று முதல் ஐந்து நாள் அனல் மாதிரிக் காய்ச்சல், காய்ச்சல் விட்டதும் தடிப்பு, இரண்டு நாளில் அதுவும் போய்விடும். தடவ எதுவும் வேண்டாம். தட்டம்மையில் நேர்மாறு: புள்ளி வரும்போது காய்ச்சல் உச்சத்தில் இருக்கும். இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு முன்னால் வந்து, காதின் பின்புறம் தொடங்கி முகம், மார்பு என்று கீழே இறங்கும். ஒன்பது மாதத்தில் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள். இரண்டாவது தவணை 16 முதல் 24 மாதத்துக்குள்.

மருந்து அலர்ஜி என்று குழந்தையின் கோப்பில் யாராவது எழுதியிருந்தால் மறுபடி விசாரியுங்கள். இப்படி அவசரத்தில் ஒட்டிய பெயர், அந்தக் குழந்தைக்கு நிஜமாகவே அந்த ஆன்டிபயாடிக் தேவைப்படும் நாளில் கையைக் கட்டிப்போடும்.

வேப்பிலை வாசலில் இருக்கட்டும். பார்க்க வருகிறவர்களை அது நிறுத்திவைக்கிறது, எந்தத் தொற்றுக்கும் அது நல்ல ஏற்பாடு. தாய்ப்பாலையும் கஞ்சியையும் தண்ணீரையும் மட்டும் நிறுத்தாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டலாம்.

காய்ச்சல் ஐந்தாம் நாளும் விடாமல், கண் பீளையில்லாமல் சிவந்து, உதடு வெடித்து, நாக்கு பழச்சிவப்பாகி, உள்ளங்கை கால் வீங்கியிருந்தால் வேறு யோசனை வேண்டும். டோக்கியோவில் டொமிசாகு கவாசாகி என்ற குழந்தை மருத்துவர் 1961-ல் ஒரு நான்கு வயதுப் பையனிடம் இதை முதலில் கண்டார். எந்தப் பெயருக்குள்ளும் அடங்கவில்லை என்று விட்டுவிடாமல், அதேபோன்ற குழந்தைகளைச் சேர்த்துவைத்து, ஐம்பது பேரைப் பற்றி 1967-ல் எழுதினார். கவாசாகி நோய் இதயத்தின் ரத்தக்குழாயைத் தாக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் நாலில் ஒரு குழந்தைக்கு அந்தக் குழாய் பலூன்போலப் புடைத்துவிடும். பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தை ரத்தத்தில் ஏற்றினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். நம் ஊரில் ஒரு கூடுதல் அடையாளம் கிடைக்கிறது: பிறந்ததும் இடது தோளில் போட்ட பி.சி.ஜி. தழும்பு திடீரென்று சிவந்து வீங்கும். என்னிடம் வந்த ஒரு தாய், "ஊசி போட்ட எடம் புதுசா செவந்திருக்கு டாக்டர், அதுக்கு என்ன தடவ?" என்றுதான் கேட்டார். அவர் அதைக் கவனித்துச் சொன்னதால் அந்தப் பையனின் இதயம் தப்பியது.

கேள்வி: தக்காளிக் காய்ச்சல் வந்து சரியாகி ஒரு மாதம் கழித்து, நான்கு வயது மகளின் கைநகங்கள் உரிந்து விழுகின்றன. சத்துக் குறைவா?
– ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: இல்லை. 2022-ல் கேரளத்தில் அந்தப் பெயரில் பேசப்பட்டது, கை, கால், வாயில் கொப்புளம் வரும் காக்சாக்கி வைரஸ் நோய்தான். காய்ச்சல் நாட்களில் நகம் வளர்வது சற்று நின்றுபோனதால், இப்போது புது நகம் பழையதைத் தள்ளுகிறது. வலிக்காது. மிச்சத்தைப் பிடுங்காமல் வெட்டிவிடுங்கள்.

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். எட்டு மாத மகனின் இடுப்புக்குக் கீழே பிறந்ததிலிருந்து நீலத் திட்டுகள். பகல்நேரக் காப்பகத்தில் சேர்த்த முதல் நாளே, குழந்தையை அடித்தீர்களா என்ற அர்த்தத்தில் கேட்டார்கள். உடைந்துபோனேன். இதை மறைய வைக்க ஏதாவது உண்டா?
– ஒரு தாய்

பதில்: ஒன்றும் தடவாதீர்கள். இதைத் தேய்த்து எடுக்க முடியாது, எடுக்க வேண்டியதும் இல்லை. தோலுக்கு நிறம் தரும் அணுக்கள், கருவில் மேல் தோலுக்கு ஏறிவரும் வழியில் சில அங்கேயே ஆழத்தில் தங்கிவிடுகின்றன. ஆழத்திலிருப்பதால் கறுப்பு நீலமாகத் தெரிகிறது. நம் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இது இருக்கிறது. நம் பாட்டிமார் யாரும் இதைப் பார்த்துத் திடுக்கிட்டதில்லை. வெள்ளைக் குழந்தைகளிடம் அரிது என்பதால் அங்கே பார்ப்பவருக்கு அடிபட்ட கன்றல் என்று தோன்றுகிறது. பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் அநேகமாக மங்கிவிடும்.

கேட்டவர்கள் மேல் வருத்தம் வைக்காதீர்கள், குழந்தையைக் காப்பாற்றத்தான் கேட்கிறார்கள். கன்றல் என்றால் தொட்டால் வலிக்கும், சில நாளில் பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். இது வலிக்காது, மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். உங்கள் குடும்ப மருத்துவரிடமோ, வீட்டுக்கு வரும் சுகாதாரச் செவிலியரிடமோ குழந்தையைக் காட்டி, எந்த இடத்தில், எத்தனை, எவ்வளவு பெரியது என்று படம் வரைந்து அங்கே குழந்தைக்குத் தரும் சிவப்பு அட்டை உடல்நலப் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள். பிறந்த நாட்களில் எடுத்த புகைப்படம் ஏதாவது கைபேசியில் இருந்தால் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். காப்பகத்தில் அதன் நகலைக் கொடுங்கள். திட்டுகள் மார்பு, வயிறு என்று முன்பக்கமும் மிகப் பரவலாக இருந்தால் மட்டும் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். அரிதாகச் சில பரம்பரை நோய்களோடு சேர்ந்து அப்படி வரும்.

இங்கிருந்து, வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போகும் அம்மாக்களும் இதைத் தெரிந்துகொண்டு போங்கள். முதல் குளியலின்போதே குழந்தையின் முதுகைத் திருப்பிப் பார்த்து, அன்றே எழுதி வாங்கிவிடச் சொல்லுங்கள்.